பலா மாமா மாத்திரை போடுகிறார்

பிப்ரவரி 3, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சோத்த மலை மாதிரி குவிச்சுச் சாப்பிடுவீங்களோ?" என்றார். இதுவரை ஒரு மாத்திரை, இனி இரண்டு. "தினமும் கொஞ்சம் படி ஏறி இறங்குங்க" என்றும் சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய புத்திமதிதான். ஏறாமல் என்ன? லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஸ்டுடியோவை மூடியதிலிருந்து அவள் பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு எழுத்துதான். பதினெட்டு வருஷம் போட்டோ ஸ்டுடியோ கவுன்டரில் நின்றவள். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஆளைச் சிரிக்க வைத்துவிட்டு, "இப்ப சிரிக்கக் கூடாது" என்று அதட்டுவாளாம். எல்லோர் கையிலும் கேமரா வந்த பிறகு கவுன்டருக்கு யார் வருவார்கள்? இரண்டு வருஷமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மார்க்கெட்டிலிருந்து ஒரு பலாக்காயைச் சுமந்து வந்தாள். பழுக்காதது, முள் இன்னும் பச்சையாக, கைக்குழந்தை அளவு. காய்கறிக்காரம்மா சொன்னாராம், கொட்டை முற்றாத பிஞ்சுக்காயை வேகவைத்துச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று. "பாதி சோறு, பாதி இது. பாக்கலாம்" என்றாள். நான்கு வார்த்தைக்கு மேல் பேசினாள் என்பதை அப்போது கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

வெட்டுவதற்குள் சமையலறை போர்க்களம். வெட்டும் முன் கையில் எண்ணெய் தடவ வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிசின் கத்தியில், கையில், குழாய்த் திருகில், அவள் மூக்கு நுனியில். சோப்புக்கு அசையவே இல்லை. கடைசியில் நான்தான் பையிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். வேலைக்குப் போகும் பையில் எப்போதும் இருக்கும். மூக்கில் தொட்டுத் துடைத்தேன். சிரித்தாள்.

குழம்பு சுமார். உப்பு தூக்கல்.

பிப்ரவரி 12

பலாக்காய்ப் பொரியல்.

பிப்ரவரி 14

பலாக்காய்ப் பொரியல், மிச்சம்.

பிப்ரவரி 20, வியாழன்

காய்க்கு இப்போது கை பழகிவிட்டது. கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறாள். பழைய பேப்பரை விரித்து, காயை வட்ட வட்டமாக அரிந்து, தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, துண்டுகளை மஞ்சள் கலந்த நீரில் போடுகிறாள். இல்லாவிட்டால் கறுத்துவிடும். வெந்ததை விரலால் பிரித்தால் நார் நாராக வருகிறது, பார்வைக்கு இறைச்சி போல. கட்லெட் செய்தாள். மூன்று தின்றேன். "சர்க்கரைக்காரருக்கு ரெண்டு போதும்" என்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தபோது கட்லெட்டைக் காட்டியிருக்கிறாள். "இத அப்படியே வீடியோவா எடுத்துப் போடும்மா" என்றாளாம் மகள். ஏதோ சேனல் திறந்து கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 8, சனி

வீட்டில் வெளிச்சத்துக்குத் தகுந்தபடிதான் இப்போது சாப்பாடு. பதினொரு மணிக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் வருகிறது என்பதால் குழம்பு பதினொரு மணிக்குக் கொதிக்கிறது. விடுமுறை நாளில் நான் முதல் வாய் எடுத்து வைப்பதைப் படம் எடுக்கிறாள். "மெல்லுங்க. இன்னும் மெதுவா. கேமராவப் பாக்காதீங்க. சிரிக்கக் கூடாது." ஸ்டுடியோ திரும்பி வந்துவிட்டது.

மகளிடம் தனியாகச் சொன்னேன், கொஞ்சம் அளவுக்கு மீறிப் போகிறது என்று. "அப்பா, அம்மா சிரிக்கிறா. அத மட்டும் பாருங்க" என்றாள். சரிதான்.

மார்ச் 17, திங்கள்

காய வைத்து அரைத்த பலாக்காய் மாவில் ரொட்டி. நடுவே விரிசல் விட்டது. கோதுமை பாதி சேர்த்தால் ஒட்டும் என்று கண்டுபிடித்தாள். அதையும் வீடியோவில் மறைக்காமல் காட்டினாள், முதல் ரொட்டி உடைந்ததை. அது பலருக்குப் பிடித்துவிட்டதாம்.

ஏப்ரல் 2, புதன்

ஒன்பது மாடிக் கட்டடத்தில் கதவு சென்சார் கோளாறு. ஐந்தாம் மாடி அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க பலா மாமாதானே?" என்றார். பார்க்கிறவர்கள் எனக்கு அப்படிப் பேர் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கையெல்லாம் கிரீஸ். இருந்தும் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மனைவியிடம் சொன்னேன். மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

பரிசோதனை. ஏழரைக்கு இறங்கிவிட்டது. டாக்டர் இரண்டாவது மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பழைய மாத்திரை மட்டும் தொடர வேண்டும். மனைவியும் கூட வந்திருந்தாள். "எல்லாம் பலாக்காய்தான் டாக்டர்" என்றாள்.

"பலாக்காய் நல்லதுதான்மா. ஆனா சோத்தக் குறைச்சாரு, சாயங்காலம் நடக்கறாரு, மாத்திரையும் தவறாமப் போட்டாரு. எல்லாம் சேந்து இழுத்த தேரு இது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், "டாக்டரே சொல்லிட்டாரு பாத்தீங்களா, பலாக்காய் நல்லதுன்னு" என்றாள். மற்றது அவள் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

மே 7, புதன்

புது வீடியோவின் தலைப்பு: "மாத்திரை போயே போச்சு!" என் முகம் பெரிதாக, கையில் கட்லெட்.

"இன்னும் ஒண்ணு போடறேனே" என்றேன்.

"தலைப்புல எல்லாத்தையும் எழுத முடியுமா? உள்ள சொல்லியிருக்கேன்ல, டாக்டர் குறைச்சாருன்னு."

பார்த்தேன். சொல்லியிருக்கிறாள். கட்லெட் எண்ணெயில் விழும் சத்தத்தோடு சேர்த்து, ஒரு மூச்சில்.

விட்டுவிட்டேன்.

மே 13

இதுவரை போட்ட எல்லா வீடியோக்களையும் சேர்த்தாலும் இந்த ஒன்றைப் பார்த்தவர்கள்தான் அதிகமாம். ஒரு மாவுக் கம்பெனிக்காரர் பேசினார். அவர்கள் பலாக்காய் மாவைப் பற்றி அவள் மாதா மாதம் பேச வேண்டுமாம். பெயர்ப்பலகை மாதிரி அவள் படம் பாக்கெட்டில் வருமாம். சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் பாட்டு கேட்டு எவ்வளவு காலம்.

மே 21, புதன்

மறுபடி அதே ஒன்பது மாடிக் கட்டடம். ஐந்தாம் மாடி அம்மா லிஃப்டில் என்னோடு ஏறினார். "உங்க வீடியோவப் பாத்துட்டு எங்கம்மாவையும் மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டேன் மாமா. எவ்ளோ நாள்தான் அந்த விஷத்தையே முழுங்கறது?"

கதவு திறந்தது. அவர் இறங்கிப் போனார். நான் சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். அழைப்புமணி அடித்தது. அப்படியே போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

வாசலில் ஒரு ஆள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கையிலிருந்து கீழே சின்னச் சின்னத் தழும்புகள். பார்த்ததுமே வெல்டர் என்று தெரிந்தது. எங்கள் வேலையிலும் வருவார்கள். "வீடியோவுல வர்ற வீடு இதானே? கீழ வாட்ச்மேன் சொன்னாரு" என்றார். ரசிகர் என்று நினைத்து மனைவி தலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

உட்காரச் சொன்னோம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எங்கக்கா ஸ்கூல் வேன்ல பிள்ளைங்கள ஏத்தி இறக்குற வேலை பாக்குது. ரொம்ப வருஷமா இன்சுலின் ஊசி. போன மாசம் ஒருநாள் ஊசிய எடுத்துக் குப்பையில போட்டுருச்சு. ‘அந்த மாமா மூஞ்சியப் பாருடா, பொய் சொல்ற மூஞ்சியா?’ன்னுச்சு. மூணு வேளையும் பலாக்காய். நானே வாங்கிக் குடுத்தேன். புதன்கிழமை வேன்லயே மயங்கி விழுந்துருச்சு. ஐசியூல இருக்கு."

மனைவி மெல்ல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சண்டை போட வரலம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னுதான். அண்ணே, நீங்க நெசமாவே எதுவும் போடறதில்லையா?"

கேட்டுக்கொண்டே அவர் கண் என் கைக்கு வந்தது. வேர்வையில் மாத்திரை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது, வெள்ளையாக. மூட வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை.

"ஓ" என்றார். எழுந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்டேன். சொன்னார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் மனைவி, "நான் நிறுத்தச் சொன்னேனா? எந்த வீடியோவுலயாச்சும் சொல்லியிருக்கேனா? நீங்களே சொல்லுங்க" என்றாள். குரல் உயர்ந்துகொண்டே போனது.

"சொல்லல."

"அப்புறம் என்ன?"

"தலைப்பு சொல்லுச்சு."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவளை மட்டும் சொல்லி என்ன? அன்னிக்கு அந்தம்மா லிஃப்ட்ல சொன்னப்ப எனக்கு வாய் இல்லையா? இருந்துச்சே. ஏன் திறக்கல? வீட்ல பாட்டு நின்னுருமேன்னா? — தெரியல. தெரியல.

ஜூன் 9, திங்கள்

முதல் வேலையாக ஒன்பது மாடிக் கட்டடத்துக்குப் போனேன். அங்கே இன்று எந்தக் கோளாறும் இல்லை. ஐந்தாம் மாடியில் மணி அடித்தேன். "அம்மா, நான் மாத்திரை போடறேன். தினமும். உங்கம்மாவ மறுபடி போடச் சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒப்பித்தேன்.

"அவங்க ஒரு வாரம்கூட நிறுத்தல மாமா. பயந்து, எனக்குத் தெரியாம எடுத்துப் போட்டுக்கிட்டாங்க" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த வீடியோ?"

"தப்பு" என்றேன். அவர் கதவைச் சாத்திய விதத்தில் பலா மாமாவின் கதை அந்தக் கட்டடத்தில் முடிந்தது என்று புரிந்தது. அந்த மூதாட்டியின் பயம் நன்றாக இருக்கட்டும்.

மனைவி அந்த வீடியோவைச் சேனலிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

வேன் அக்காவை வார்டுக்கு மாற்றிவிட்டதாகத் தெரிந்தது. மனைவி காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. கிளம்பினோம்.

என்னென்ன வசவு விழுமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். நடந்தது வேறு. கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மா மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "அய்யோ, நீங்களா! நேர்ல இன்னும் ஒல்லியா இருக்கீங்களே! இவருதான் மாமாவா?" என்று பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிக் காட்டினார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அக்கா, அந்தக் கட்லெட்டுல வேகவெச்ச காயப் பிழிஞ்சு எடுத்தீங்களே, அப்புறம் என்ன சேத்தீங்க? அந்த இடத்துல நெட்டு நின்னுபோச்சு. நான் வெறும் உருளைக்கிழங்கு போட்டேன், உதிர்ந்துருச்சு."

மனைவி சொன்னாள். பொட்டுக்கடலை மாவு, இஞ்சி, ஈரம் போகப் பிழிய வேண்டும், துணியில் கட்டி. முழுவதும், வரிசையாகச் சொன்னாள். சொல்லி முடித்து, அதே குரலில், "இவரு மாத்திரை போடறாரு. ஒரு நாள்கூட விட்டதில்ல. ரெண்டுல ஒண்ணத்தான் டாக்டர் நிறுத்தினாரு. நான்தான் தலைப்புல கூட்டிச் சொல்லிட்டேன்" என்றாள்.

அந்த அம்மா போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேனா?" என்றார், தம்பியைப் பார்த்து. ஏதோ தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்பது போல.

இதை மனைவி எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நன்றாகவே ஓடியது. அவள் படியில் இறங்கினாள். நானும் பின்னால் இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படியேறி வந்தவர்கள், எங்களுக்கு யாரோ இறந்துவிட்டதாக நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

ஜூன் 15

மகள் போனில்: "அதான் எடுத்தாச்சே, விடும்மா. பத்து நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

மனைவி: "வீடியோவ நான் எடுத்துட்டேன். பாத்தவங்க மனசுல இருந்து யாரு எடுக்கறது?"

ஜூன் 16, திங்கள்

சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு மாத்திரை அட்டை, எதிரே கேமரா. சமையல் எதுவும் இல்லை. நான் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். "வேணாம். கூட்டிப் பேசினது நான். நானே பேசறேன்" என்றாள். கூடத்துக்கு வெளியே நின்று கேட்டேன். வேன் அக்காவைப் பற்றி ஊர், பேர் எதுவும் சொல்லாமல் சொன்னாள். பலாக்காய் ஒரு சாப்பாடு, மருந்து இல்லை என்றாள். எதையாவது நிறுத்துவதாக இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள் என்றாள். அழவில்லை. மூன்று தடவை எடுத்தாள். முதல் தடவை எடுத்ததையே போட்டாள்.

தலைப்பு: "பலா மாமா மாத்திரை போடுகிறார்."

ஜூன் 24, செவ்வாய்

பார்த்தவர்கள் கொஞ்சம். பார்த்த அந்தக் கொஞ்சம் பேரில் முக்கால்வாசி திட்ட வந்தவர்கள். "மாத்திரைக் கம்பெனிக்கு விலைபோயிட்டியா?" என்று ஒருவர். "உன்ன நம்பினோமே" என்று இன்னொருவர். இரண்டாமவருக்கு மட்டும் பதில் எழுதினாள். மாவுக் கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை.

மறுபடி ஜன்னல் பக்கம். மறுபடி "ம்".

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதுவதோடு சரி.

ஜூன் 29, ஞாயிறு

நானே ஒரு பலாக்காய் வாங்கி வந்தேன். எண்ணெய் தடவி, பேப்பர் விரித்து, அரிந்தேன். தண்டை எடுக்கிறேன் என்று பாதிக் காயை எடுத்துவிட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள். கத்தியை வாங்கிக்கொள்ளவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள். நானே வேகவைத்தேன். குழைந்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

ஜூலை 5, சனி

வேன் அக்கா மனைவிக்குப் போன் செய்தார். வீட்டுக்கு வந்து நான்கைந்து நாள் ஆகிறதாம். வேலைக்கு அடுத்த மாதம்தான் போக வேண்டும் என்றிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"அக்கா, டயட் சொல்ற மேடம் இவ்ளோதான் திங்கணும்னு ஒரு கிண்ணத்தக் காட்டுனாங்க. ஊசியும் உண்டு. அந்தக் கிண்ணத்துல உங்க பலாக்காய எவ்ளோ போடலாம்னு கேட்டேன். சோத்துக்குப் பதிலா கொஞ்சம் போட்டுக்கன்னாங்க. ஆனா எனக்கு அது வெந்தா கறுத்துப் போவுது. ஏன்?"

"மஞ்சள் தண்ணியில போட்டியா?" என்றாள் மனைவி.

"போடலையே."

"அப்புறம் கறுக்காம என்ன செய்யும்?" — அதட்டல். ஸ்டுடியோ அதட்டல். எழுந்து நின்றுகொண்டு பேசினாள். கடைசியில், "ஊசி போட்டியா முதல்ல? போட்டுட்டு வந்து பேசு" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

சேனல் மறுபடி ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்லக் கூடாது; நடக்கிறது. பார்க்கிறவர்கள் முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். வேன் அக்கா தம்பியோடு வந்திருந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து பலாக்காய் சூப் வைத்தார்கள். முதலில் ஊசி, பிறகு சாப்பாடு என்று அவர் காட்ட, மனைவி கிண்ண அளவைக் காட்டினாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பலாவைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று டயட் மேடம் எழுதிக் கொடுத்திருந்ததையும் படித்தாள். அந்த இடத்தில் எண்ணெய்ச் சத்தம் எதுவும் வராதபடி அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தாள்.

வெல்டர் தம்பி என்னோடு வெளியே நின்றார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் பால்கனிக் கம்பியில் ஒரு இணைப்பு விட்டிருப்பதை அசைத்துப் பார்த்து, "மிஷின் எடுத்துட்டு ஒரு நாள் வரேண்ணே" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். ஏழரை எட்டே காலாகிவிட்டது. பலாக்காயை விடவில்லை, நடப்பதையும் விடவில்லை. "வயசு ஆகுதுல்ல, இது அப்படித்தான் கொஞ்சம் ஏறும். உங்க மேல தப்பு இல்ல, பலாக்காய் மேலயும் தப்பு இல்ல" என்று டாக்டர் இரண்டாவது மாத்திரையை மறுபடி எழுதினார்.

மருந்துக் கடையில் நின்றபோது இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டால்? அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டால்? வேலைக்குப் போகும் பையை அவள் திறக்க மாட்டாள். இந்த எண்ணம் வந்தது உண்மை. வீடு வரை கூடவே வந்தது.

சமையலறையில் அவள் காய் அரிந்துகொண்டிருந்தாள். அட்டையை அவள் பக்கத்தில் வைத்தேன். "திரும்ப வந்துருச்சு" என்றேன்.

கை எண்ணெயாக இருந்ததால் தொடாமல் குனிந்து படித்தாள். "எவ்ளோ?"

"எட்டே கால்."

"எப்பப் போடணும்?"

"ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம்."

"சரி" என்றாள். இன்னும் இரண்டு துண்டு அரிந்து தண்ணீரில் போட்டாள். "அவங்களுக்கும் சொல்லணும். பாக்கறவங்களுக்கு. நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சட்டைய மாத்துங்க. கிரீஸ் இருக்கு" என்றாள்.

சட்டையை மாற்றி, முகம் கழுவிக்கொண்டு வந்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.